பிறந்ததும் அம்மாவிடம் கொடுங்கள்!

சிசேரியன் பிரசவமானாலும் தாயும் பிள்ளையும் பிரியத் தேவையில்லை. அந்த முதல் ஒரு மணி நேரத்தை மீட்க என்ன செய்யலாம்?

ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கிறது. பச்சைத் துணியில் சுற்றிய குழந்தையோடு செவிலியர் வெளியே வருகிறார். பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு குடும்பமே எழுந்து ஓடுகிறது. ஆயா கை நீட்டுகிறார். அத்தை செல்போனை எடுக்கிறார். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்து நட்சத்திரம் கணக்கிடுகிறார். பத்தே நிமிடத்தில் குழந்தையின் முகம் சிங்கப்பூரில் இருக்கும் சித்தி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த முகத்தை இன்னும் சரியாகப் பார்க்காதவர் ஒருவர்தான். உள்ளே, மேசைமேல் படுத்தபடி தையல் முடியக் காத்திருக்கும் அம்மா.

காஞ்சிபுரமோ கரூரோ, அரசு மருத்துவமனையோ தனியார் நர்சிங் ஹோமோ, இந்தக் காட்சி நமக்கு அத்தனை பழகிவிட்டது. இதில் யார்மீதும் குற்றம் இல்லை. மருத்துவர் தன் வேலையைச் செய்கிறார், செவிலியர் தன் வேலையைச் செய்கிறார், குடும்பம் மகிழ்ச்சியில் திளைக்கிறது. ஆனால் பிள்ளையின் வாழ்க்கையில் திரும்பி வராத ஒரு மணி நேரம் அந்த வராண்டாவில் கழிந்துபோகிறது.

அறுவை சிகிச்சை நடந்ததாலேயே தாயையும் பிள்ளையையும் பிரித்து வைக்க வேண்டிய மருத்துவக் காரணம் பெரும்பாலான பிரசவங்களில் கிடையாது. பிரித்து வைப்பது பழக்கம். பழக்கத்தை மாற்ற முடியும். மாற்றிய நாடுகளும் மருத்துவமனைகளும் இருக்கின்றன.

நூற்றுக்கு நாற்பத்தைந்து

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய சராசரி 21.5 சதவீதம். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இது 36 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 64 சதவீதம். அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் மாநிலத்தின் மொத்த அளவே 34 சதவீதம்தான் இருந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018–20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். அதே காலத்தில் நாட்டின் சராசரி 97. கிராம சுகாதார செவிலியர், 108 ஆம்புலன்ஸ், நள்ளிரவிலும் அறுவை சிகிச்சை செய்யும் ‘சீமாங்க்’ மையம் என்று அடுக்கடுக்காகக் கட்டிய அமைப்பு கொடுத்த பலன் அது. தக்க நேரத்தில் செய்த சிசேரியன் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாமல் காத்திருக்கிறது.

சிசேரியன் அளவு 10 சதவீதத்தைத் தாண்டினால் அதனால் மட்டும் தாய், சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. எத்தனை ஆபரேஷன் தேவையானவை, எத்தனை தவிர்க்கக் கூடியவை என்பது நீண்ட விவாதம். ‘கொடி சுத்திக்கிச்சு’, ‘தண்ணி வத்திப்போச்சு’, ‘முதல் பிள்ளை ஆபரேஷன், இதுவும் ஆபரேஷன்தான்’, ‘ஜோசியர் நேரம் குறிச்சுக் குடுத்துட்டாரு’ என்று காரணங்கள் பல. அந்த விவாதம் நடக்கட்டும். அது முடியும்வரை பிள்ளைகள் பிறக்காமல் காத்திருக்கப் போவதில்லை. ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் தியேட்டரில்தான் கண் விழிக்கிறார்கள் என்றால், தியேட்டரில் அவர்களுக்கு என்ன வரவேற்பு கிடைக்கிறது என்ற கேள்வி மாநிலத்தின் பாதித் தாய்மாரின் கேள்வி.

அந்தக் குடும்பநல ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 60 பேர். ஏறக்குறைய அனைவரும் மருத்துவமனையில் பிறக்கும் மாநிலத்தில் மீதி 40 பேருக்கு ஏன் கிடைக்கவில்லை? ஒரே காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் தாய் தியேட்டரிலும் பிள்ளை வராண்டாவிலுமாக இருந்தால், பால் கொடுப்பது எப்படி?

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

தோலோடு தோல் தொடுகை என்று மருத்துவம் எதைச் சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கன்னத்தோடு கன்னம் வைத்துக் காட்டிவிட்டு எடுத்துப் போவது அது ஆகாது. துணியில் சுற்றிய பிள்ளையை அம்மா பக்கத்தில் கிடத்துவதும் ஆகாது. ஈரம் துடைத்த பிள்ளையை உடுப்பு எதுவும் இல்லாமல், அம்மாவின் திறந்த மார்பின்மேல் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். தலைக்குக் குல்லா. இருவரையும் சேர்த்து மேலே கதகதப்பான துணி. குறைந்தது ஒரு மணி நேரம், அல்லது முதல் பால் குடித்து முடிக்கும்வரை, இடையில் யாரும் தூக்கக் கூடாது. எடை போடுவது, வைட்டமின் கே ஊசி போடுவது எல்லாம் அதற்குப் பிறகு. குளிப்பாட்டுவது ஒரு நாள் கழித்து.

அப்படி விட்டுவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? ஸ்வீடனின் ஆய்வாளர் ஆன்-மாரி விட்ஸ்ட்ராம் குழுவினர் இதைப் படம் பிடித்து ஆராய்ந்து, 2011-இல் ஒன்பது படிகளாக வகுத்தார்கள். முதலில் பிறப்பழுகை. பிறகு அசையாமல் ஓய்வு. மெல்லக் கண் திறப்பு. வாயும் கையும் அசைகின்றன. மறுபடி ஓய்வு. அதன்பின் கால்களை உந்தி மார்பை நோக்கி ஊர்கிறது. காம்பைத் தொட்டு, முகர்ந்து, நக்கிப் பழகுகிறது. தானாகவே வாய் வைத்துச் சப்புகிறது. கடைசியில் தூங்கிவிடுகிறது. யாரும் கற்றுத்தராத வித்தை இது. பிரசவ நேரத்தில் அம்மாவுக்குக் கொடுத்த சில மருந்துகள் இந்த வேகத்தைக் குறைக்கலாம். எனவே ஆபரேஷனில் பிறந்த பிள்ளைக்குப் பொறுமையும் நேரமும் கூடுதலாகவே தேவைப்படும்.

அந்த நேரத்தில் உடலுக்குள் நடப்பவை கண்ணுக்குத் தெரியாதவை. கருப்பையின் வெதுவெதுப்பிலிருந்து ஏசி ஓடும் அறைக்கு வந்த ஈரப் பிள்ளை மளமளவென்று சூட்டை இழக்கிறது. பிள்ளையின் உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மூச்சுத் திணறலும் சர்க்கரைக் குறைவும் தொற்றிக்கொள்ளலாம். அம்மாவின் மார்பு அந்தச் சூட்டைக் கொடுக்கிறது. அழுகை குறைகிறது, இதயத் துடிப்பும் மூச்சும் சீராகின்றன. சேமித்து வந்த சர்க்கரையைப் பிள்ளை வீணாக்காமல் வைத்துக்கொள்கிறது. தாயின் தோலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் பிள்ளையின் தோலில் குடியேறுகின்றன. இயல்பான பிரசவத்தில் பிறப்புப் பாதையில் கிடைக்கும் நுண்ணுயிரிகள் சிசேரியன் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை என்பதால், அதற்கு இந்தத் தொடுகை இன்னும் முக்கியம்.

அம்மாவின் உடலும் இதற்குப் பதில் சொல்கிறது. பிள்ளை மார்பில் அசைய அசைய ஆக்சிடோசின் சுரக்கிறது. கருப்பை சுருங்கவும் பால் இறங்கவும் அதுதான் ஆணை இடும் ஹார்மோன். சிசேரியன் ஆன தாய்க்குப் பால் சுரப்பது பொதுவாகவே சற்றுத் தாமதமாகும். ‘பால் வரல, பவுடர் வாங்கிட்டு வாங்க’ என்ற பேச்சு தொடங்கும் இடம் அந்தத் தாமதம்தான். சீக்கிரம் தொட்ட மார்பு சீக்கிரம் சுரக்கிறது.

உடலைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. ‘அறுத்து எடுத்தாங்க, யாரோ தூக்கிட்டுப் போனாங்க, நான் பெத்த மாதிரியே தெரியல’ என்று ஆண்டுகள் கழித்தும் சொல்லும் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பத்து மாதம் சுமந்தவளுக்கு அந்த நினைவு கிடைக்காமல் போவது சின்ன இழப்பு அல்ல.

பொகோட்டாவில் தொடங்கியது

1978. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. தாய்-சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகள், அதனால் தொற்று, அதனால் மரணம். எட்கர் ரே என்ற குழந்தை மருத்துவர், எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொன்னார். எக்டர் மார்ட்டினெஸ் அதைத் தொடர்ந்து வளர்த்தெடுத்தார். ‘கங்காரு பராமரிப்பு’ என்று இன்று நம் ஊர் பச்சிளங்குழந்தை வார்டுகளிலும் சொல்லப்படுவது அங்கே, வறுமையில் பிறந்த வழி.

பல ஆண்டுகளாக அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. குழந்தை முதலில் நிலைப்பட வேண்டும், பிறகுதான் அம்மாவின் மார்பு. அந்த நிபந்தனை சரிதானா என்று சோதித்த ஐந்து மருத்துவமனைகளில் ஒன்று நம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. மற்றவை கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவில் இருந்தன. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள 3,211 பிள்ளைகள். ஒரு பிரிவினருக்குப் பிறந்த உடனேயே மார்போடு அணைப்பு, அதுவும் நாளுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம். இன்னொரு பிரிவினருக்கு வழக்கம்போல், நிலைப்பட்ட பிறகு. முதல் 28 நாட்களில் வழக்கமான பிரிவில் 15.7 சதவீதப் பிள்ளைகள் இறந்தார்கள். உடனே அணைத்த பிரிவில் 12 சதவீதம். பலன் அத்தனை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முடிவு 2021-இல் வெளியானது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றி எழுதியது.

சஃப்தர்ஜங்கில் இதற்காகத் தாயும் சேயும் ஒன்றாக இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு உருவானது. பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவின் கட்டில். நெருக்கடி மிகுந்த ஓர் அரசு மருத்துவமனையில், ஒன்றரைக் கிலோ பிள்ளைக்கே இது முடிகிறது. மூன்று கிலோ எடையோடு நன்றாக அழுது பிறந்த சிசேரியன் பிள்ளையை எதற்காகத் தள்ளி வைக்க வேண்டும்?

முழு வளர்ச்சியோடு பிறந்த பிள்ளைகள் பற்றியும் ஆய்வுகள் குவிந்திருக்கின்றன. காக்ரேன் அமைப்பு 2016-இல் 46 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. 3,850 தாய்-சேய் இணைகள். பிறந்ததும் தொடுகை பெற்ற பிள்ளைகள் ஒன்று முதல் நான்கு மாதம் வரை தாய்ப்பாலில் தொடர்வது கூடுதலாக இருந்தது. அவர்களின் ரத்தச் சர்க்கரை சுமார் 10 மில்லிகிராம் உயர்வாக இருந்தது. அவற்றில் எட்டு சோதனைகளில் சிசேரியன் தாய்மாரும் இருந்தார்கள். சிசேரியனை மட்டும் தனியே எடுத்தால் சான்று இன்னும் சிறிய அளவிலானது, அதைத் தொகுப்பாளர்களே சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சான்று காட்டும் திசையும் இதுவே.

தியேட்டரில் எப்படிச் செய்வது?

லண்டன் குயின் சார்லட் மருத்துவமனையில் மருத்துவச்சி ஜென்னி ஸ்மித், பேராசிரியர் நிக்கலஸ் ஃபிஸ்க், மயக்கவியல் மருத்துவர் ஃபெலிசிட்டி பிளாட் மூவரும் சேர்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிசேரியனிலும் தாயை நடுநாயகமாக வைக்கும் முறை அது. பெரிய எந்திரம் எதுவும் அதில் இல்லை. பிள்ளை வெளியே வரும் நேரத்தில் திரைத் துணியைத் தாழ்த்துகிறார்கள். தலை வந்ததும் அவசரப்படாமல் உடல் மெல்ல வெளிவர விடுகிறார்கள். அம்மா பார்க்கிறார். பிள்ளை நேராக அவர் மார்புக்குப் போகிறது.

இதைச் சாத்தியமாக்குவது முன்கூட்டிய சில சின்ன ஏற்பாடுகள். இன்று பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் போடும் ஊசியில் நடக்கின்றன. அம்மா விழித்திருக்கிறார், பேசுகிறார். இதயத் துடிப்பு பார்க்கும் ஒயர்களை மார்பின் நடுவில் ஒட்டாமல் தோள்பட்டைக்கும் முதுகுப் பக்கத்துக்கும் நகர்த்தலாம். ட்ரிப்ஸ் ஊசியை அவர் அதிகம் பயன்படுத்தாத கையில் போடலாம். கையைக் கட்டி வைக்காமல் விடலாம். தியேட்டர் கவுனை முன்பக்கம் திறக்கும்படி அணிவிக்கலாம். கதகதப்பான இரண்டு துணிகளையும் ஒரு குல்லாவையும் தயாராக வைத்திருக்கலாம். வயிற்றில் தையல் நடப்பதால் பிள்ளையை நெடுக்காகக் கிடத்த இடம் இருக்காது. மார்பின் மேற்பகுதியில் குறுக்காகக் கிடத்தலாம்.

பிள்ளை வெளியே வருவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. தையல் போட்டு முடிக்க அரை மணி முதல் முக்கால் மணி நேரம். தாயும் பிள்ளையும் தவறவிடும் நேரம் இதுதான். தையல் முடிந்து வார்டுக்குப் போகும்போதும் பிள்ளை அவர் மார்பிலேயே போகலாம்.

எல்லாருக்கும் இது உடனே முடியாது என்பதும் உண்மை. முழு மயக்கம் கொடுத்திருந்தால் அம்மா தெளிந்து விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ரத்தப்போக்கு அதிகமானாலோ பிள்ளை மூச்சுவிடத் திணறினாலோ சிகிச்சைதான் முதல். முதுகு ஊசிக்குப் பிறகு சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், குமட்டும், உடம்பு வெடவெடவென்று நடுங்கும். அந்த நேரத்தில் பிள்ளையைச் சற்றுத் தள்ளி வைப்பது நியாயம். எப்போதும் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. குப்புறக் கிடக்கும் பிள்ளையின் மூக்கோ வாயோ அடைபட்டால், மிக அரிதாக, மூச்சு நின்றுபோகலாம். எனவே தலை ஒருபக்கம் திரும்பியிருக்க வேண்டும், மூக்கும் வாயும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், கழுத்து மடங்கக் கூடாது. பிள்ளையின் நிறத்தையும் மூச்சையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா அசந்து தூங்கும்போது தனியே விடவே கூடாது.

ஒரு கை கூடுதலாக

கடைசியில் சொன்ன அந்த ‘ஒருவர்’தான் சிக்கலின் மையம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், தனித்தனி நாடா. தறியில் உட்கார்ந்தவர் எவ்வளவு தேர்ந்த கைக்காரராக இருந்தாலும், கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒரு துணை ஆள் வேண்டும். அந்தக் கை இல்லாவிட்டால் கரை உடலோடு சேராது. தியேட்டரிலும் அதே கணக்குதான். அறுவை மருத்துவரின் கண் காயத்தில் இருக்கிறது, மயக்கவியல் மருத்துவரின் கண் மானிட்டரில் இருக்கிறது. தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்க மட்டும் என்று ஒரு செவிலியர் வேண்டும். இந்த மாற்றத்துக்கு ஆகும் பெரிய செலவு அந்த ஒருவரின் சம்பளம்தான்.

‘ஒரு நாளைக்குப் பத்து கேஸ், இதுக்கெல்லாம் ஏது நேரம்?’ என்று மருத்துவமனைகளில் கேட்பது புரிகிறது. வேலைப் பளுவை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையை வார்மரில் வைத்து, எடை போட்டு, சுற்றி, வெளியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரவும் ஒரு செவிலியர் நேரம் செலவிடுகிறார். அந்த வேலைகளை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் அந்தக் கூடுதல் கை அங்கிருந்தே கிடைக்கும்.

ஆயாவும் அத்தையும் கேட்பவை

தடைகள் எல்லாம் மருத்துவமனைக்குள் மட்டும் இல்லை. கதவுக்கு வெளியே நாமும் நிற்கிறோம்.

‘துணி இல்லாமப் போட்டா குளிரடிச்சிடும்’ என்பது ஆயாவின் முதல் பயம். துணியில் தனியே சுற்றிய பிள்ளையைவிட அம்மாவின் தோலோடு ஒட்டி, மேலே துணி போர்த்திய பிள்ளைதான் கதகதப்பாக இருக்கும் என்பதை அவருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது சேனை. குடும்பத்தில் நல்ல குணமும் கைராசியும் உள்ளவராகப் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது. அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதில் இருக்கும் அன்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிறந்த பிள்ளையின் வயிற்றில் முதலில் இறங்க வேண்டியது சீம்பால். மஞ்சள் நிறத்தில் சில துளிதான் வரும். நோயை எதிர்க்கும் சக்தி முழுக்க அந்தத் துளிகளில் இருக்கிறது. சேனைக்குப் பதிலாக அந்தப் பெரியவர் பிள்ளையின் தலையில் கைவைத்து வாழ்த்தட்டும். ஆசி தேனில் இல்லை, அவர் மனசில் இருக்கிறது.

ஜாதகத்துக்கு நேரம் வேண்டுமென்றால் அது தியேட்டரிலேயே குறிக்கப்படுகிறது. கூச்சத்துக்குப் போர்வை இருக்கிறது. ‘பிள்ளையை உடனே காட்டலையே’ என்ற பதற்றம்தான் மிச்சம். ‘அம்மாவும் பிள்ளையும் நல்லா இருக்காங்க, ஒரு மணி நேரத்துல ரெண்டு பேரையும் சேர்த்தே பார்க்கலாம்’ என்று ஒரு செவிலியர் வந்து சொன்னால் அந்தப் பதற்றமும் தீரும்.

அம்மாவால் முடியாத நிலை வந்தால் அப்பாவின் மார்பு இருக்கிறது. சிசேரியனில் பிறந்த 29 பிள்ளைகளை வைத்து ஸ்வீடனில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், அப்பாவின் மார்போடு கிடந்த பிள்ளைகள் தொட்டிலில் கிடந்தவர்களைவிடக் குறைவாக அழுதார்கள், சீக்கிரம் அமைதியானார்கள். பெண்கள் வார்டில் ஆண்களை விடுவதில்லை என்றால் ஒரு மறைப்பும் ஒரு நாற்காலியும் போதும். இல்லாவிட்டால் ஆயாவின் மார்பு. நம் அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறையில் உடனிருக்க ஒரு பெண் துணையை அனுமதிக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழக்கத்தைத் தியேட்டருக்கு அடுத்த அறைவரை நீட்டிக்கலாம்.

காஞ்சிக்கு இது ஏன் அவசரம்?

தறி வீட்டுப் பெண்ணுக்குப் பேறுகால விடுப்பு என்று ஒன்று கிடையாது. தார் சுற்றுவதும், பாவுக்கு உதவுவதும், சமையலும் அவள் தலையில்தான். வேலை நின்றால் புடவை நிற்கும், புடவை நின்றால் கூலி நிற்கும். வயிற்றில் தையலோடு வீடு திரும்பும் அவளுக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை என்றால் பவுடர் பால் டப்பாவின் செலவு மாதாமாதம் வரும். கொதிநீர், பாட்டில் கழுவுதல், வயிற்றுப்போக்கு என்று அதன் பின்னால் இன்னும் பல வரும். வீட்டிலேயே வேலை என்பதால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பால் கொடுக்கும் வாய்ப்பு அவளுக்கு இருக்கிறது. அந்த வாய்ப்பு பலிக்கத் தொடக்கம் நன்றாக இருக்க வேண்டும்.

மாவட்டத்தின் இன்னொரு முகம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். கம்பெனிப் பேருந்தில் ஷிஃப்டுக்குப் போகும் இளம்பெண்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்தச் சட்டம் கைக்கு எட்டுவது எளிதல்ல. சில வாரங்களே கையில் இருக்கும் தாய்க்கு முதல் நாளை வீணாக்க முடியாது.

காஞ்சிபுரத்துக்கு அணைப்பின் பெருமையை யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஏகாம்பரநாதர் கோயிலின் தலக்கதையே அதுதான். மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்து அம்பிகை பூசை செய்கிறாள். கம்பை ஆறு பெருக்கெடுத்து வருகிறது. அவள் ஓடவில்லை, பூசையை விட்டு விலகவில்லை. மணல் லிங்கத்தை மார்போடு இறுக அணைத்துக்கொள்கிறாள். அந்த அணைப்பில் இறைவன் குழைந்தான், அவள் வளையும் மார்பும் பட்ட தழும்பு அவன்மேல் பதிந்தது, தழுவக் குழைந்தநாதர் என்று பெயர் பெற்றான் என்கிறது தலபுராணம். அந்த மாமரத்தைப் பிள்ளை வரம் கேட்டுச் சுற்றி வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் அணைப்பை இறுக்கிக்கொள்ளச் சொன்ன கதையைக் கும்பிடும் ஊரில், வரமாக வந்த பிள்ளையை முதல் மணி நேரம் தாயிடமிருந்து விலக்கி வைக்க வேண்டாம்.

இலங்கை காட்டும் வழி

‘ஆபரேஷன் கூடினால் இதெல்லாம் குறையத்தான் செய்யும்’ என்று நினைப்பவர்களுக்குப் பக்கத்து நாடு பதில் சொல்கிறது. இலங்கையிலும் சிசேரியன் அதிகம். 2016-இல் நடந்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிரசவம் சிசேரியன். இருந்தும், ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் சுமார் 90 சதவீதம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 82 சதவீதம். தமிழ்நாட்டில் இது பாதியைச் சற்றே தாண்டுகிறது. வீடு வீடாகப் போகும் குடும்பநல மருத்துவிச்சிகளும், தாய்ப்பாலுக்கு ஆதரவான மருத்துவமனை நடைமுறையும் அங்கே பல ஆண்டுகளாக வேரூன்றியவை. நம்மிடம் இல்லாத தொழில்நுட்பம் எதுவும் அவர்களிடம் இல்லை.

நம்மிடம் உத்தரவுகளும் குறைவில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய பத்து வழிமுறைகளில் நான்காவது, பிறந்தவுடன் இடையறாத தோல் தொடுகை. தாய்ப்பாலை ஊக்குவிக்கும் மத்திய அரசின் ‘மா’ திட்டம் 2016-இல் வந்தது. பிரசவ அறைகளோடு மகப்பேறு ஆபரேஷன் தியேட்டர்களையும் தரம் உயர்த்தும் ‘லக்ஷ்யா’ திட்டம் 2017-இல் வந்தது. தாளில் இருப்பது மேசைக்கு வர வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

கர்ப்பிணியும் குடும்பமும்: எட்டாவது மாதச் செக்கப்பிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். ‘ஆபரேஷன் ஆனா பிள்ளையை எப்போ என்கிட்ட குடுப்பீங்க, டாக்டர்? நானும் பிள்ளையும் நல்லா இருந்தா தியேட்டர்லயே மார்புல போட முடியுமா?’ இந்த இரண்டு கேள்வி போதும். மயக்கவியல் மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள். முடியாது என்றால் காரணம் கேளுங்கள். வார்டுக்கு வந்ததும் தரச் சொல்லுங்கள். முதல் மணி நேரம் தவறிவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அடுத்த மணி நேரத்திலும், அடுத்த நாளிலும் மார்போடு சேர்ப்பது பலன் தரும்.

மருத்துவமனைகள்: ஒவ்வொரு சிசேரியனுக்கும் தாய்-சேய் இணையைக் கவனிக்க ஒரு செவிலியரின் பெயர் குறித்து வையுங்கள். எடை, ஊசி, அடையாளப் பட்டை எது முன், எது பின் என்ற வரிசையை எழுதித் தியேட்டர் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளை அம்மாவின் மார்புக்கு எத்தனை மணிக்குப் போனது என்பதைப் பிறந்த நேரத்துக்குப் பக்கத்திலேயே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். எழுதும் பழக்கம் வந்தால் செய்யும் பழக்கம் தானாக வரும்.

அரசு: கர்ப்பப் பதிவுக்கான ‘பிக்மி’ எண் வாங்க வரும் ஒவ்வொரு பெண்ணும் கிராம சுகாதார செவிலியரைச் சந்திக்கிறார். 18,000 ரூபாய் மதிப்புள்ள முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அந்தப் பதிவின் வழியேதான் போகிறது. அதே சந்திப்பில் இந்த ஒரு செய்தியையும் சொல்ல வைக்கலாம். தனியார் மருத்துவமனைகள் உட்பட எல்லா இடங்களிலும் சிசேரியன் எண்ணிக்கையோடு, அவற்றில் எத்தனை பிள்ளைகள் ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்பைச் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையையும் கேட்டு வாங்கி வெளியிடலாம். சீமாங்க் மையங்களை மற்ற மாநிலங்களுக்கு முன்னோடியாகக் கட்டிய சுகாதாரத் துறைக்கு இது எட்டாத இலக்கு அல்ல.

வாங்க வேண்டிய கருவி இல்லை, கட்ட வேண்டிய கட்டடம் இல்லை. வேண்டியது ஒரு கூடுதல் கை, வேலைகளின் வரிசையில் ஒரு மாற்றம், வராண்டாவில் நிற்கும் நம்மிடம் ஒரு மணி நேரப் பொறுமை. பிள்ளையை முதலில் யார் வாங்குவது என்ற கேள்விக்கு இனி ஒரே விடைதான் இருக்க வேண்டும். கத்தி வைத்துப் பெற்றாலும் அவள்தான் பெற்றாள். அவளிடம் கொடுங்கள்.